ஆட்டின்மேல் மட்டும் பழி போடலாமா?

பாலைவனம் எப்படி உண்டாகிறது என்று ஒரு பள்ளி மாணவனைக் கேட்டுப் பாருங்கள். மரங்களை வெட்டுவதாலும், ஆடுமாடுகளை அளவுக்கு மீறி மேய்ப்பதாலும் என்று தயங்காமல் விடை சொல்வான். விடை முழுத் தவறன்று. ஆனால் அதில் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது. வறண்ட புல்வெளியில் எந்தப் புல் முளைக்கும், எத்தனை வகைச் செடிகள் தலைகாட்டும் என்பதில் மழைக்குள்ள பங்கு பெரியது. பல இடங்களில் அது ஆட்டின் பங்கைவிடப் பெரியது.

மேய்ச்சலைப் பற்றி நாம் படித்துவரும் கருத்துகளுள் சில, மழைமானியைப் பார்க்காமல் எழுதப்பட்ட தீர்ப்புகள். அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆடு குற்றமற்றது என்று வாதாட நாம் முன்வரவில்லை. குற்றம் சாட்டியவர்கள் எந்தச் சான்றைக் காட்டினார்கள், அந்தச் சான்று செல்லுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஏற்ற இடம் ஆப்பிரிக்காவில் உள்ள சாகேல். சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், மேற்கே செனகல் முதல் கிழக்கே சூடான் வரை நீண்டு கிடக்கும் புல்வெளி நிலம் இது. வடக்கு ஓரத்தில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழை பெய்யும்; தெற்கே போகப் போக 600 மி.மீ. வரை கூடும். அதுவும் கோடையில் மூன்று நான்கு மாதங்களுக்குள் பெய்து ஓய்ந்துவிடும். மீதி மாதங்களில் காய்ந்த புல்லை நம்பியே மந்தைகளும், மந்தைகளை நம்பியே மக்களும் வாழ வேண்டும்.

பாலைவனம் நடந்து வந்த கதை

1968 முதல் 1973 வரை சாகேலில் கொடிய வறட்சி நிலவியது. கால்நடைகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. பஞ்சத்தில் மக்களும் மாண்டனர். உலகத்தின் பார்வை முதன்முறையாக அந்தப் பக்கம் திரும்பியது. 1977ஆம் ஆண்டு நைரோபி நகரில் ஐக்கிய நாடுகள் சபை, பாலைவனமாதல் பற்றி ஒரு மாநாட்டையே கூட்டியது.

இந்த நேரத்தில் ஓர் எண் உலகெங்கும் பரவியது. சகாரா ஆண்டுக்கு 5.5 கி.மீ. வேகத்தில் தெற்கு நோக்கி நகர்கிறது என்பதே அது. இந்த எண்ணைத் தந்தவர் ஹியூ லாம்ப்ரி என்னும் சூழலியல் அறிஞர். 1975இல் சூடான் நாட்டின் மேல் விமானத்தில் பறந்து, தாவரங்கள் முடிந்து பாலைவனம் தொடங்கும் எல்லையை அவர் குறித்தார். அதை 1958இல் வெளியான தாவர வரைபடத்தோடு ஒப்பிட்டார். எல்லை 90 முதல் 100 கி.மீ. தெற்கே வந்திருந்தது. பதினேழு ஆண்டுகளால் வகுத்தால் 5.5 வருகிறது. கணக்கு சரிதான்.

ஆனால் வகுத்த எண்கள் சரியா? 1958 வரைபடத்தின் எல்லை, பெரும்பாலும் 75 மி.மீ. மழைக்கோட்டைப் பின்பற்றி வரையப்பட்டது. 1975இன் எல்லையோ கண்ணால் பார்த்துக் குறிக்கப்பட்டது. அதுவும் நெடிய வறட்சியின் சுவடு மறையாத காலத்தில். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். ஆடிப்பெருக்கன்று காவிரியைப் படம்பிடித்து, அடுத்த சித்திரையில் மீண்டும் படம்பிடித்து, ஒன்பதே மாதத்தில் ஆறு செத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புவோமா? படங்கள் இரண்டும் உண்மை, முடிவுதான் பொய்.

சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் ஹெல்டேனும் அவரது குழுவினரும் 1980களில் அதே சூடான் பகுதியைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் நேரில் சென்றும் ஆராய்ந்தனர். பாலைவனம் அணிவகுத்து வருவதற்கான அடையாளம் எதையும் அவர்கள் காணவில்லை.

இன்னும் தெளிவான சான்று 1991இல் கிடைத்தது. கம்ப்டன் டக்கர் என்பாரும் அவரது கூட்டாளிகள் இருவரும் 1980 முதல் 1990 வரை ஒவ்வோர் ஆண்டும் சகாராவின் பரப்பைச் செயற்கைக்கோள் மூலம் அளந்து, 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். 1980இல் பாலைவனத்தின் பரப்பு 86,33,000 சதுர கி.மீ. வறட்சி மிகுந்த 1984இல் அது 99,82,000 சதுர கி.மீ. ஆயிற்று. நான்கே ஆண்டுகளில் கூடியது சுமார் பதின்மூன்றரை இலட்சம் சதுர கி.மீ.! நம் இந்தியாவின் பரப்பில் இது ஐந்தில் இரண்டு பங்கு. பாலைவனம் பாய்ந்து வருகிறது என்று அலறத் தோன்றும். ஆனால் அடுத்த ஒரே ஆண்டில் என்ன நடந்தது? தெற்கு எல்லை 110 கி.மீ. வடக்கே பின்வாங்கியது. பரப்பு 7,24,000 சதுர கி.மீ. குறைந்தது.

வறட்சியில் மந்தைகள் பல அழிந்திருந்ததால் மேய்ச்சல் குறைந்தது என்று ஒருவர் வாதிடலாம். அது ஓரளவு உண்மையே. ஆனால் நூறு கி.மீ. அகலத்துக்குப் புல் ஒரே பருவத்தில் எழுந்து நின்றதற்கு அது போதிய விளக்கமன்று. மழை பெய்தது, மண்ணுக்குள் உறங்கிய விதைகள் விழித்தன. பாலைவன எல்லை என்பது கடற்கரை அலைபோல முன்னும் பின்னும் போய்வருவது. அலையின் ஒரே ஓர் அசைவைப் பார்த்துவிட்டுக் கடல் பொங்குகிறது என்று சொல்லிவிட்டோம்.

மழையையும் ஆடுதான் விரட்டியதா?

1975ஆம் ஆண்டிலேயே இன்னொரு குற்றச்சாட்டும் எழுந்தது. இதை முன்வைத்தவர் சாதாரணமானவர் அல்லர். வானிலை இயலில் பெரும் புகழ் பெற்ற ஜூல் சார்னி. அவருடைய கருத்து இது: ஆடுகள் மேய்ந்து தரை வெறுமையாகிறது. வெறும் மணல், பசுந்தரையைவிட அதிகமான சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் தரைக்கு மேலுள்ள காற்று வெப்பம் குறைந்து கீழே இறங்குகிறது. மேகம் உருவாக ஏறும் காற்று தேவை. இங்கே இறங்கும் காற்று. எனவே மழை குறைகிறது. மழை குறைய, புல் குறைகிறது. சக்கரம் மேலும் சுழல்கிறது.

அழகான கருத்து. இதில் பிழையான இயற்பியல் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று நிகழக்கூடும் என்பதும், அதுவே முதற்காரணம் என்பதும் வேறு வேறு. 2003இல் அலெசாண்ட்ரா ஜியானினியும் கூட்டாளிகளும் ஒரு கணிப்பொறி மாதிரியை இயக்கினர். 1930 முதல் 2000 வரை கடல்களின் மேற்பரப்பு வெப்பநிலை எப்படி மாறியது என்பதை மட்டுமே அந்த மாதிரிக்குக் கொடுத்தனர். ஆடுகளைப் பற்றி ஒரு சொல்லும் அதற்குச் சொல்லப்படவில்லை. ஆயினும் சாகேலின் மழை ஏறி இறங்கிய வரலாற்றின் முக்கியமான வளைவுகளை அது வரைந்து காட்டியது. வறட்சிக்கு வித்திட்டது தொலைவில் உள்ள கடல். தரையின் நிலைமை அதைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் துணைக்காரணம் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

சராசரி என்னும் ஏமாற்று

சரி, மழைக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்? இங்கே மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் ஊரில் மூன்று ஆண்டுகளில் 380, 420, 400 மி.மீ. மழை. இன்னோர் ஊரில் 150, 700, 350 மி.மீ. இரண்டு ஊருக்கும் சராசரி 400 மி.மீ.தான். ஆனால் முதல் ஊரில் மாறுபாட்டுக் கெழு சுமார் 4 விழுக்காடு; இரண்டாம் ஊரில் சுமார் 57 விழுக்காடு. முதல் ஊரில் 'இந்த நிலம் இத்தனை ஆடுகளைத் தாங்கும்' என்று ஓர் எண் சொல்லலாம். இரண்டாம் ஊரில் எந்த ஆண்டின் நிலத்தைக் கொண்டு அந்த எண்ணைச் சொல்வது? 150 மி.மீ. பெய்த ஆண்டில் பத்து ஆடுகளும் மிகை, 700 மி.மீ. பெய்த ஆண்டில் நூறு ஆடுகளுக்கும் மிச்சம் இருக்கும். மாறுபாடு ஏறத்தாழ 33 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் 'தாங்குதிறன்' என்னும் கருத்தே பயனற்றுப் போகிறது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

இதை வலியுறுத்தியவர்களுள் எல்லிஸ், ஸ்விஃப்ட் ஆகிய இருவர் முக்கியமானவர்கள். கென்யா நாட்டின் வறண்ட துர்க்கானா பகுதியில் மேய்ச்சல் மக்களோடு நெடுநாள் ஆய்வு நடத்தி 1988இல் அவர்கள் எழுதியது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. துர்க்கானா மக்கள் ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு, கழுதை ஆகிய ஐந்தையும் வளர்க்கிறார்கள். புல் இருக்கும் இடம் தேடி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அடுத்தடுத்து வரும் வறட்சிகளில் கால்நடைகள் பெருமளவு மடிகின்றன. மந்தை மீண்டும் பெருகச் சில ஆண்டுகள் ஆகும். புல்லுக்கோ ஒரு நல்ல மழை போதும். ஆகவே புல்லை அழிக்கும் அளவுக்கு மந்தை பெருகுமுன் அடுத்த வறட்சி வந்துவிடுகிறது. இது மக்களுக்குக் கொடுமை. ஆனால் நிலத்துக்கு ஓய்வு.

அங்கே ஆடு செய்யும் நன்மையும் ஒன்றுண்டு. குடைவேல மரத்தின் நெற்றுகளைத் தின்ற கால்நடைகள், விதைகளைச் சாணத்தோடும் புழுக்கையோடும் பட்டிகளில் விடுகின்றன. மக்கள் பட்டியைக் கைவிட்டுப் போன பிறகு, எருவேறிய அந்த இடத்தில் வேலங்கன்றுகள் கூட்டமாக முளைப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். நம்மூர்க் கருவேல நெற்றுக்கும் வெள்ளாட்டுக்கும் உள்ள உறவை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இனங்களை எண்ணும்போது

மேய்ச்சல் தாவர இனங்களைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? விடை நிலத்துக்கு நிலம் மாறும். காரணம் எளியது.

மழை மிகுந்த இடத்தில் புல் உயரமாக வளரும். உயர்ந்த புல் வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் அடியில் உள்ள சிறு செடிகள் வெளிறிச் சாகும். ஆடு மேலே உள்ளதைக் கடித்தால் அடிவரை வெளிச்சம் போகும், சிறியனவும் பிழைக்கும். ஆறு கண்டங்களில் 40 புல்வெளிகளில் வேலியிட்டுச் செய்து 2014இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. மேய்ச்சலால் தரைக்கு வெளிச்சம் கிடைத்த இடங்களில்தான் இனங்கள் காக்கப்பட்டன.

வறண்ட புல்வெளியில் போட்டி வெளிச்சத்துக்கன்று, மண்ணுக்குள் இருக்கும் நீருக்கு. அங்கே புல் குட்டையாகவே இருக்கும். மொட்டு தரையோடு ஒட்டியிருக்கும். சேமிப்பு வேரில் இருக்கும். சில செடிகளில் முள் இருக்கும். இவை வறட்சியைத் தாங்குவதற்கு உதவும் குணங்கள். ஆட்டின் பல்லைத் தாங்கவும் இவையே உதவுகின்றன! வறட்சிப் பள்ளியில் பயின்ற புல், மேய்ச்சல் தேர்விலும் தேறிவிடுகிறது.

இதை வேலியிட்டுப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 320 மி.மீ. மழை பெறும் குட்டைப்புல் சமவெளியில், 1939ஆம் ஆண்டிலேயே சில துண்டுகளைக் கால்நடை புகாமல் அடைத்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின் பார்த்தபோது, வேலிக்கு வெளியே மேய்ந்த நிலம் பாழாகவில்லை. மாறாக, வந்தேறிக் களைகள் வேலிக்கு உள்ளேதான் கூடுதலாக இருந்தன. அந்தச் சமவெளி காட்டெருமைக் கூட்டங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் மேய்ந்த மண் என்பதை மறக்கக்கூடாது. உலகெங்கும் 236 இடங்களின் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 1993இல் மில்சுனாஸ், லாவன்ராத் இருவரும் சொன்னதும் இதுவே: மேய்ச்சலால் இனங்களின் கலவை எவ்வளவு மாறும் என்பது, முதன்மையாக அந்த இடத்தின் தாவர உற்பத்தித்திறனையும் அங்கு மேய்ச்சல் நிகழ்ந்துவரும் வரலாற்றின் நீளத்தையும் பொறுத்தது.

மறுபக்கமும் உண்டு

இதுவரை படித்தவர், அப்படியானால் ஆட்டை எவ்வளவு வேண்டுமானாலும் விடலாமே என்று எண்ணினால் அதுவும் அவசரத் தீர்ப்புதான். 'எல்லாம் மழையே' என்று சொன்னவர்களையும் நாம் விசாரிக்க வேண்டும்.

இல்லியஸ், ஓகானர் என்னும் இருவர் 1999இல் ஒரு கூர்மையான மறுப்பை எழுதினர். வறண்ட மாதங்களில் மந்தை எதை உண்டு பிழைக்கிறது? ஆற்றோரத்திலும் சதுப்பிலும் உள்ள பசுமையை. அந்தப் பசுந்திட்டு எவ்வளவு பெரியதோ அவ்வளவு கால்நடைகள் உயிர் தப்பும். தப்பிய மந்தை, மழை வந்ததும் மற்ற நிலத்தின்மேல் பாயும். இதே வேலையை ஆழ்கிணறும் விலைக்கு வாங்கும் தீவனமும் செய்யக்கூடும். மழையின் கையில் இருந்த கடிவாளத்தை மனிதன் கழற்றிவிட்டால், பிறகு மழையே காக்கும் என்று சும்மா இருக்க முடியாது.

சாகேலில் இது கண்கூடு. கிணறுகளையும் ஊர்களையும் சுற்றியுள்ள இடத்தில் நல்ல புற்கள் குறைந்து, ஆடு தொடாத எருக்கும், நம் தகரைக்கு நெருங்கிய உறவான செடியும் பெருகுகின்றன. பல்லாண்டு வாழும் புற்கள் ஒருமுறை வேரோடு போய்விட்டால் ஒருபருவப் புற்கள்போல ஒரே மழையில் திரும்பி வருவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை: 1980களின் பிற்பகுதியிலிருந்து மழை ஓரளவு மீண்டதால் சாகேல் மீண்டும் பச்சையானதைச் செயற்கைக்கோள்கள் காட்டின. ஆனால் செயற்கைக்கோள் பச்சையைப் பார்க்கும், இனத்தைப் பார்க்காது. வடமேற்குச் செனகலில் பேட்ரிக் கொன்சாலஸ் நடத்திய ஆய்வில், 1945 வாக்கில் 4 சதுர கி.மீ. நிலத்தில் இருந்த மர இனங்கள் சராசரியாக 64; 1993இல் அவை 43. இந்த இழப்புக்கும் மழைக்குறைவே பெரிய காரணம் என்று அவர் முடிவு செய்தார். ஆயினும் பச்சை திரும்பியதனாலேயே பன்மை திரும்பிவிட்டது என்று கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

2022இல் ஆறு கண்டங்களில் 98 வறண்ட இடங்களை ஒரே முறையில் அளந்து மேஸ்த்ரேயும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவு, இரு தரப்புக்கும் நடுவே நிற்கிறது. குளிர்ந்த, இனவளம் மிகுந்த வறண்ட நிலங்களில் மேய்ச்சல் நன்மை செய்கிறது. வெப்பம் மிகுந்த, இனங்கள் குறைந்த நிலங்களில் மேய்ச்சல் கூடக் கூடத் தீமை செய்கிறது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டினர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தீர்ப்பின் விலை

இது அறிஞர்களுக்குள் நடக்கும் பேச்சுச் சண்டைதானே என்று விட்டுவிட முடியாது. தவறான தீர்ப்புக்கு விலை கொடுத்தவர்கள் ஏழை மக்கள். அலைந்து மேய்ப்பவர்களை ஓரிடத்தில் நிறுத்து, வேலி போடு, கிணறு தோண்டு என்று திட்டங்கள் வந்தன. 1968-73 வறட்சியில் ஆழ்கிணறுகளின் அருகே கால்நடைகள் மடிந்தது தாகத்தால் அன்று, பசியால். கிணற்றில் தண்ணீர் இருந்தது. சுற்றிலும் புல் இல்லை.

நம் நாட்டிலும் ஓர் அனுபவம் உண்டு. அது வறண்ட புல்வெளியன்று, நீர்நிலை. ஆனால் அவசரம் ஒன்றேதான். இராஜஸ்தானில் உள்ள பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982 நவம்பரில் மேய்ச்சலுக்குத் தடை விதிக்கப்பட்டது. எதிர்த்த கிராமத்தவர் சிலர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய நீண்டகால ஆய்வு என்ன கூறியது? எருமைகள் தின்று கட்டுப்படுத்தி வந்த புல், அவை வராததால் நீர்நிலையை அடைத்துக்கொண்டு, பறவைகளுக்கே இடைஞ்சலாகிவிட்டது என்று கூறியது. ஆய்வு முதலில், தடை பிறகு என்று இருந்திருக்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனவர்கள் கொறங்காடுகளைப் பார்த்திருப்பார்கள். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே நரிப்பயறு போன்ற கொடிகள். காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் ஒரு காட்டில் மேய்ந்த பின் அடுத்த காட்டுக்கு மாறுகின்றன. மேய்ந்த காடு தழைக்க இடம் கிடைக்கிறது. சாகேலில் மந்தையோடு நடந்து போய்ச் செய்வதை இங்கே படலைச் சாத்திச் செய்கிறார்கள். முறை வேறு, மழைக்கேற்ப மேய்க்க வேண்டும் என்னும் அறிவு ஒன்று.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில், ஊராரிடம் சொல்லிவிட்டு, ஒரு சதுர மீட்டர் நிலத்தை முள்ளிட்டு அடையுங்கள். அருகிலேயே இன்னொரு சதுர மீட்டரை அடைக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி மூன்று நான்கு இணைகள் இருந்தால் நல்லது. மாதம் ஒருமுறை இரண்டிலும் எத்தனை வகைச் செடிகள் என்று எண்ணுங்கள். பக்கத்தில் மழைமானி ஒன்றை வைத்து மழையையும் எழுதி வாருங்கள். ஓராண்டில் முடிவு சொல்லாதீர்கள். நல்ல மழை ஒன்றும் வறட்சி ஒன்றும் வந்து போகும்வரை பொறுங்கள்.

அதன் பிறகு உங்களிடம் யாராவது பாலைவனம் எப்படி உண்டாகிறது என்று கேட்டால், விடை சொல்லுமுன் நீங்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "அந்த ஆண்டு மழை எவ்வளவு?"